இரண்டு மூளைப் படங்களும் ஒரு வாய் தண்ணீரும்

1

என் மூளையின் இரண்டு படங்கள் எங்கள் வீட்டுக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கின்றன. ஒட்டியவள் என் மனைவி றெஜினா. "பிள்ளையின்ரை முதல்நன்மைப் படம் ஒட்டலாம், கலியாணப் படம் ஒட்டலாம். மண்டைக்குள்ளை எடுத்த படத்தை ஆரும் ஒட்டுவினமே" என்று கேட்டேன். "உந்த மண்டையோடை இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினது நான். ஒட்டுறதுக்கு எனக்கு உரிமை இருக்கு" என்று சொல்லி, ஒட்டுத்தாளை விரலால் தேய்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வருகிற எங்கள் சனம் அலுமாரியடியில் கொஞ்ச நேரம் நின்று, குரலைத் தாழ்த்தி, "என்ன அண்ணை, கட்டியோ" என்று கேட்கிறார்கள். கட்டி இல்லை என்று சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கிறது. கட்டி என்றால் ஆறுதல் சொல்ல வழி தெரியும். பயத்துக்கு மருத்துவம் செய்துகொண்டவனிடம் என்ன சொல்வது? "உது எங்கள் எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு வடையை எடுக்கிறார்கள்.

இரண்டு படமும் இலை சுருண்ட கோவாவைக் குறுக்கே வெட்டியதுபோல இருக்கும். முதல் படத்தில் நடுவுக்குக் கிட்ட, இரண்டு பக்கமும், புளியங்கொட்டை அளவில் சிவப்பு. இரண்டாவதில் அந்தச் சிவப்பு மங்கிவிட்டது. அதற்குப் பதிலாக நெற்றிப் பக்கத்தில் முன்பு இல்லாத நிறம் கொஞ்சம் வந்திருக்கிறது. மூளைக்குள் உண்மையில் சிவப்பு லைற் ஒன்றும் எரிவதில்லையாம். எந்த இடம் கூடுதலாக வேலை செய்கிறது என்று காட்டுவதற்குக் கொம்பியூட்டர் பூசுகிற நிறமாம். ஒரு படத்துக்கும் மற்றதற்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு வருசம். அந்த ஒரு வருசத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2008 மார்கழி மாதம். வன்னிச் செய்தி ஓடிக்கொண்டிருந்த வானொலியை நிற்பாட்டிவிட்டு இதை எழுதுகிறேன். அங்கே சனம் பங்கருக்குள் கிடக்க, இங்கே ஒருத்தன் தன் மண்டைப் படத்தைப் பற்றி எழுதுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தச் செய்திகள் எல்லாம் ஒருநாள் முடிந்தாலும் அந்தச் சனத்தின் மண்டைக்குள் அது முடியப்போவதில்லை. அது எனக்குத் தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

2

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், அல்லைப்பிட்டி. அப்பா, அப்பாவின் அப்பா எல்லாரும் கடலை நம்பிச் சீவித்தவர்கள். நோர்வேயின் மேற்குக் கரையில் இந்தச் சின்னப் பட்டினத்துக்கு வந்து பத்து வருசமாகிறது. இங்கேயும் மீன்தான் சோறு போடுகிறது. தொழிற்சாலையில் சால்மன் மீன் வெட்டுகிறேன். மீன் பெட்டியில் வரும், நான் வெட்டுவேன், வேறு பெட்டியில் போகும். வெட்டுகிற மேசைக்கு எதிரே பெரிய யன்னல், யன்னலுக்கு வெளியே கடல். நான் வந்த முதல் நாளே மேசையின் மற்றப் பக்கத்துக்கு மாறி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிவைத்தேன். இந்த ஊரில் வருசத்தில் பாதி நாள் வெளிச்சமே கிடையாது. அதை ஒருவரும் கேட்கவில்லை.

வாகனங்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெரிய படகை ஊரில் பாதை என்போம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடுமே, அது. இங்கே மூலைக்கு மூலை பாதை. எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான், மகள் ஷாமினிகூட அப்படித்தான் சொல்லுவாள். நான் பாதையில் ஏறுவதில்லை. பாதையில் போனால் பத்து நிமிடத்தில் அடையக்கூடிய கலியாண வீட்டுக்கு மலையைச் சுற்றி அரைநாள் கார் ஓடியிருக்கிறேன். றெஜினா சீலையோடு பக்கத்தில் இருந்து ஒரு சொல்லும் பேசாமல் வருவாள். அது ஏச்சைவிடக் கொடுமை.

போன வருசம் தொழிற்சாலையை எதிர்த் தீவுக்கு மாற்றப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அங்கே போக மலையும் இல்லை, பாலமும் இல்லை. பாதைதான். நான் வேலையை விடுகிறேன் என்று போய்ச் சொன்னேன். அது இந்த நாட்டில் லேசான காரியமில்லை. ஏன் விடுகிறாய் என்று ஒரு அரசாங்கக் கந்தோர் கேட்டது. அந்தக் கந்தோர் இன்னொரு கந்தோருக்கு அனுப்பியது. அங்கே ஒரு பெண் என்னுடைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "கடல் தொழில் செய்தவர் என்று இதில் இருக்கிறது. இப்போது படகுக்குப் பயம் என்று சொல்கிறீர்கள். இதில் எது சரி" என்று கேட்டாள். இரண்டும் சரி என்றேன். அவள் கன நேரம் கொம்பியூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வைத்தியர் இங்ரிட்டிடம் அனுப்பினார்.

3

இங்ரிட் மனவைத்தியம் செய்கிறவள். என் மூத்த பிள்ளையாக இருக்கக்கூடிய வயது. சுவரோரமாக இருந்த கதிரையை விட்டுவிட்டு, கதவைப் பார்த்தபடி இருந்த கதிரையை நான் இழுத்துப் போட்டு இருந்ததை அவள் பார்த்தாள், எழுதினாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு ஆம்பிளை வாசலைப் பார்த்து இருப்பதில் எழுத என்ன இருக்கிறது?

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிற ஒரு ஆராய்ச்சியும் நடக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டாள். ஓம் என்றேன். உண்மையைச் சொன்னால், படத்தில் ஒன்றும் தெரியாமல் போகும், நான் நல்லாயிருக்கிறேன் என்று எழுதித் தருவார்கள், அதைக் கொண்டுபோய் அந்தக் கந்தோர்ப் பெண்ணிடம் காட்டலாம் என்றுதான் நினைத்தேன்.

படம் எடுக்கிற இடத்தில் உடம்புக்குள் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த மெசின் பெரிய காந்தமாம். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாமல் எப்படி என்று தாதி சிரித்தாள். எங்கள் ஊர் ஆட்களில் பலருக்குத் தெரியாது என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய காயம் இருந்த தோளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அந்தோனியார் பதக்கத்தைக் கழற்றி ஒரு பிளாஸ்ரிக் தட்டில் போட்டுவிட்டு உள்ளே படுத்தேன்.

மெசின் தொடங்கியதும் முடிந்தது கதை. டப் டப் டப் என்று மெசின் படகு வருகிற அதே சத்தம், காதுக்குப் பக்கத்தில். தாங்க முடியாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் தந்திருந்த பந்தை அமுக்கினேன். வெளியே இழுத்துவிட்டார்கள். சட்டை முழுக்க வியர்வை. இன்னொரு நாள் வரச்சொன்னார்கள். இன்னொரு நாளும் பாதியில் பந்தை அமுக்கினேன். அதற்கு அடுத்த முறை றெஜினாவை அந்த அறைக்குள் என் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க விட்டார்கள். அவள் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அப்படி எடுத்ததுதான் முதல் படம்.

படத்தை ஷாமினியிடம் காட்டினேன். அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிக்கிறாள். "அப்பா, இந்தச் சிவப்பு அமிக்டலா. பயம் வாற இடம். உங்களுக்குச் சும்மா ஒரு சத்தம் போட்டாலே இவ்வளவு எரியுது" என்று சொன்னாள். தமிழில் இவ்வளவு நீளமாக அவள் என்னோடு கதைத்துக் கன காலம். வழக்கமாக வெளிக்கிடும்போது நோர்வே மொழியில் "போகிறேன்" என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போவாள். போட்டு வாறன் என்று சொல்லடி பிள்ளை என்று நான் பின்னேரம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

4

எனக்கு நடந்தது இதுதான். தொண்ணூற்றாறு. இடம்பெயர்ந்து போய் ஊருக்குத் திரும்பி வந்திருந்த காலம். கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். வெளிச்சம் வந்தபிறகு போய், மத்தியானத்துக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். நானும் தம்பி அன்ரனும் ஒரு வள்ளத்தில் போவோம். அன்று வலை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மெசின் படகின் சத்தம் கேட்டது. பிறகு சுட்டார்கள். யாருடைய படகு என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அன்ரன் வலைக்கு மேலே விழுந்தான். என் தோளை ஏதோ உரசிக்கொண்டு போனது. நான் துடுப்பு வலித்து அவனைக் கரைக்குக் கொண்டுவந்தேன். அவன் வழியிலேயே போய்விட்டான்.

எழுதினால் இவ்வளவுதான். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கிழமைக் கணக்கு எடுத்தது. இங்ரிட்டின் மருத்துவமே அதுதான். கண்ணை மூடிக்கொண்டு, அது இப்போது நடப்பதுபோல, முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும். திரும்பவும் சொல்ல வேண்டும். அவள் அதை ஒலிப்பதிவு செய்து தருவாள், வீட்டில் ஒவ்வொரு நாளும் போட்டுக் கேட்க வேண்டும். எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று இருக்கிறது. அங்கே போயிருந்து, தோய்க்கிற மெசின் ஓட ஓட, என் குரலை நானே கேட்பேன். தன் தம்பி செத்ததைத் தானே பதிந்து தானே கேட்கிறவனை ஊரில் என்ன சொல்லுவார்கள்? விசர் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"உங்கள் மூளை அந்தக் காலையை நேரம், திகதி, இடம் ஒன்றும் போடாமல் வைத்திருக்கிறது. அதனால்தான் எங்கே மெசின் கேட்டாலும் அது இப்போது நடக்கிறது என்று நினைக்கிறது. சொல்லச் சொல்ல அது அன்றைக்கு, அங்கே நடந்தது என்று எழுதிக்கொள்ளும்" என்று இங்ரிட் சொன்னாள். நாளாக ஆக மூளை வேலை செய்கிற விதமே மாறும், அதைப் படத்திலும் பார்க்கலாம் என்றாள். நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

எனக்கு உள்ளுக்குள் வேறொரு பயம் இருந்தது. இங்கே மற்றவர்கள் ஒன்றுகூடினால் ஊரைக் கதைப்பார்கள். தேர், திருவிழா, நண்டு, மாம்பழம் என்று உருகுவார்கள். நான் எழும்பிப் பல்கனிக்குப் போய்விடுவேன். எனக்கு ஊர் என்றால் அந்த மெசின் சத்தம். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. அந்தச் சத்தத்தையும் அழித்துவிட்டால் அன்ரன் என்று ஒருத்தன் இருந்ததற்கு என்னிடம் என்ன மிச்சம் இருக்கும்? அந்தப் புளியங்கொட்டைச் சிவப்பு அணைந்தால் அவனும் அணைந்துபோவான் என்று நினைத்தேன். அதனால் சில நாள் ஒலிப்பதிவைப் போடாமல் உடுப்பை மட்டும் தோய்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

5

பிறகு வெளியே போகிற பாடம் தொடங்கியது. முதல் நாள் இறங்குதுறை வரைக்கும் நடப்பது. இன்னொரு நாள் பாதை வரும்போது கரையில் நிற்பது. ஒவ்வொரு முறையும் வெளிக்கிட முதல் இங்ரிட் ஒரு கேள்வி கேட்பாள். "எங்கே போகிறோம், சத்தமாகச் சொல்லுங்கள்."

நான் சொல்லமாட்டேன். "சும்மா அங்காலை" என்பேன். அல்லது சிரிப்பேன். ஒருநாள் அவள் பொறுமையாகச் சொன்னாள், "இடத்தின் பெயரைக்கூட நீங்கள் சொல்லப் பயப்படுகிறீர்கள். இதைத் தவிர்த்தல் என்போம். இதுவும் இந்த நோயின் ஒரு பகுதி."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "பிள்ளை, அது வருத்தமில்லை. அது எங்கடை பழக்கம்" என்று அரைகுறை நோர்வே மொழியில் விளக்கினேன். எங்கள் கரையில் கடலுக்கு வெளிக்கிடுகிறவனை எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்கத்தான் வேண்டுமென்றால் தூரமோ என்று கேட்பார்கள். போகிறவனும் இடம் சொல்லமாட்டான். பின்னால் நின்று கூப்பிடவும் கூடாது. தவறிக் கூப்பிட்டுவிட்டால் போகிறவன் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, அதாவது உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இதெல்லாம் மூடப்பழக்கம் என்று சுவாமியார் கோவிலில் ஏசுவார். சுவாமியாரே தீவுக்குப் போகும்போது நாங்கள் தூரமோ என்றுதான் கேட்போம்.

இங்ரிட் தான் எழுதியதைக் கோடு போட்டு வெட்டினாள். கதவைப் பார்த்து இருப்பதையும் அப்படியே வெட்டு என்றேன். "அது முடியாது, அது வருத்தம்தான்" என்றாள். பிறகு பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள், "அன்று உங்களை யாராவது பின்னால் கூப்பிட்டார்களா?"

"ஓம். அம்மா."

"இவ்வளவு காலமும் அதை ஒருநாளும் சொல்லவில்லையே."

"அது சுடுறதுக்கு முந்தி நடந்தது."

"நாளைக்கு அங்கேயிருந்து தொடங்குங்கள்" என்றாள்.

6

அம்மா கூப்பிட்டது எங்கள் குடும்பத்தில் ஒருவரும் தொடாத விசயம். அன்று காலை அன்ரன் பாஸை மறந்துவிட்டு வெளிக்கிட்டான். அம்மா வாசல் படலையடியில் நின்று, "அன்ரன், டேய் அன்ரன்" என்று கூப்பிட்டா. அவன் ஓடி வந்து பாஸை வாங்கிக்கொண்டு, சிரித்தபடி ஓடிப்போனான். அம்மா பார்த்தது அவ்வளவுதான். அவன் இருக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. மத்தியானம் நான் அவனைக் கொண்டுவந்தேன்.

பாஸ் இல்லாமல் அவன் போயிருக்கவே முடியாது, கூப்பிடாமல் என்ன செய்வது என்று எத்தனை பேர் சொன்னாலும் அம்மா கேட்கவில்லை. அல்லைப்பிட்டியில் 2006இல் நடந்த கொலைகளுக்குப் பிறகு அம்மாவைத் தங்கச்சி யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அம்மா இன்றைக்கு வரைக்கும் ஒருவரையும் பின்னால் கூப்பிடுவதில்லை. தங்கச்சியின் பிள்ளை சோற்றுப் பெட்டியை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், அம்மா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படலையடியில் நிற்பாவாம், வாய் திறக்கமாட்டாவாம். ரெலிபோனில் நான் வைக்கிறேன் என்று சொன்னால் பதிலே வராது. மூச்சு மட்டும் கேட்கும்.

அடுத்த நாள், அம்மா கூப்பிட்ட அந்தக் காலையிலிருந்து சொல்லத் தொடங்கினேன். படலை, பூவரசு, கரை. கரையில் எங்கள் அப்பாவின் பழைய வள்ளம் கவிழ்ந்து கிடக்கும். அதுவரைக்கும் வந்ததும் நேரே கடலுக்குப் பாய்ந்துவிடுவேன். மெதுவாக, மெதுவாக என்பாள் இங்ரிட். அன்று என்ன வெயில், என்ன மணம், காலுக்குக் கீழே என்ன என்று கேட்பாள். காலுக்குக் கீழே சாதாளை, வேறென்ன? சாதாளை என்றால் கடல் ஒதுக்கிவிடுகிற களை. அந்தச் சொல்லை நான் நாட்டை விட்டு வந்தபிறகு ஒருநாளும் சொன்னதில்லை. வாயில் வந்ததும் அதன் மணமும் வந்தது.

பிறகு ஒரு நாள், கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில், பதிவில் என் குரல் பழைய வள்ளம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, அன்ரன் அந்த வள்ளத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். ஒரு கையில் பாஸ். மற்றக் கையில் அம்மாவின் பித்தளைச் செம்பு. ஓடி வருகிற வழியில் கிணற்றடியிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். "கெதியா வாடா, வெயில் ஏறுது" என்று நான் கத்துகிறேன். "பொறு அண்ணை. அம்மா கூப்பிட்டவ. பேந்து அவ நாள் முழுக்க யோசிச்சுக்கொண்டிருப்பா. இருந்திட்டு வாறன்" என்கிறான். அண்ணாந்து குடிக்கிறான். தண்ணீர் தாடையால் வழிந்து சட்டையில் விழுகிறது. செம்பை வள்ளத்துக்கு மேலே வைத்துவிட்டு எழும்பி வருகிறான்.

தோய்க்கிற மெசின் நின்றது தெரியாமல் இருந்திருக்கிறேன். றெஜினா தேடிக்கொண்டு இறங்கி வந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? இவ்வளவு காலமும் என் தம்பிக்கு முகம் இருக்கவில்லை, விழுந்த முதுகு மட்டும்தான் இருந்தது. அன்று முகத்தோடு வந்தான்.

அதற்குப் பிறகு மடை திறந்ததுபோல ஆகிவிட்டது. அன்ரன் புட்டைக் குழைக்கிற விதம். திருவிழாவுக்கு நயினாதீவுப் படகில் போகிற சனத்துக்கு அவன் கை காட்டுகிறது. பண்ணைப் பாலத்தில் சைக்கிள் காற்றுப் போய் இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஒன்றுகூடலில் நான் நண்டுக் குழம்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி நிற்பாட்டவே இல்லையாம். றெஜினா மேசைக்குக் கீழே காலால் தட்டினாள். மற்றவர்கள் ஊரை நினைத்து ஏங்குவதைப் பார்த்து நான் எரிச்சல் பட்டவன். ஏங்குவதற்கும் மூளையில் ஒரு இடம் விட வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. பயம் என்னுடைய ஊரை எனக்கு நினைக்கவே விடவில்லை. இப்போதுதான் நான் எல்லாரையும் போல ஊரை விட்டு வந்தவன் ஆனேன்.

7

ஆனால் ஒன்று நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அம்மாவுக்கு இதைச் சொல்லலாமா? சொன்னால் பன்னிரண்டு வருசப் பாரம் இறங்கும். ஆனால் அது உண்மையில் நடந்ததா? மனிதனுடைய மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளாதா? பொய்யைக் கொண்டுபோய்ப் பெற்றவளிடம் கொடுத்து, அவ அதைப் பிடித்துக்கொண்டு சாக, அந்தப் பாவத்தை நான் எங்கே கழுவுவேன்?

இரண்டாவது படம் எடுக்கப் போனபோது பந்தைக் கையில் வைத்திருந்தேன், அமுக்கவில்லை. டப் டப் டப் என்று அடித்தது. அது ஆஸ்பத்திரி மெசின், நான் நோர்வேயில் கிடக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நெஞ்சு கொஞ்சம் அடித்தது. அவ்வளவுதான். றெஜினா வெளியே கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

இங்ரிட் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பயப்படுகிற இடம் முன்னைப்போல எரியவில்லை, அதை அடக்குகிற நெற்றிப் பக்கம் கூடுதலாக வேலை செய்கிறது என்றாள். ஒரு ஆளின் படத்தை மட்டும் வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்லக்கூடாது, பலருடைய படங்களையும் சேர்த்துத்தான் பார்ப்போம் என்றும் சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்லுகிறாள்.

"அப்ப இந்தப் படத்திலை தெரியுமோ, அவன் தண்ணி குடிச்சது உண்மையோ எண்டு" என்று கேட்டேன்.

"தெரியாது. உங்களுக்கு நினைவு இருக்கிறது என்பது உண்மை. அது நடந்தது என்பதற்கு இந்த மெசினிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை" என்றாள்.

ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் நான் சந்தோசமாக வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம், இன்றைக்கு மரியாதை.

8

தொழிற்சாலை தீவுக்கு மாறி முதல் வேலை நாள். இங்ரிட்டோடும் தனியாகவும் பாதையில் போய்ப் பழகியிருந்தேன். என்றாலும் விடியவே முழிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அப்போது காலைப் பத்து, பத்தரை இருக்கும். பாதைக்கு நேரம் இருந்தது. ரெலிபோனை எடுத்தேன்.

தங்கச்சி அம்மாவிடம் கொடுத்தாள். சாப்பாடு, காலுளைவு, அரிசி விலை எல்லாம் கதைத்தோம். பிறகு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன். "அம்மா, அண்டைக்கு எங்கடை பித்தளைச் செம்பு எங்கை இருந்தது?"

எண்டைக்கு என்று அம்மா கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அண்டைக்கு என்றால் ஒரு நாள்தான்.

"ஏன் மோனை இப்ப அதைக் கேக்கிறாய்?" என்றா. பிறகு தானே சொன்னா. "பிள்ளையின்ரை முகம் கழுவ அந்தச் செம்பைத் தேடினனான். கிணத்தடியிலை வைச்சது, காணேல்லை. பேந்து பக்கத்து வீட்டுப் பிளாஸ்ரிக் சாடியாலைதான் கழுவினது. அதுவும் எனக்கு ஒரு மனவருத்தம். அடுத்த நாள் அது கொப்பரின்ரை பழைய வள்ளத்துக்கு மேலை கிடந்தது. செத்த வீட்டுக்கு வந்த ஆரோ எடுத்துக்கொண்டு போய்ப் போட்டிட்டினம் எண்டு நான் ஏசினனான்."

ரெலிபோனை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அம்மா, அதை ஆரும் எடுக்கேல்லை. அன்ரன்தான் கொண்டு வந்தவன். நீங்கள் கூப்பிட்டபடியா, வள்ளத்திலை இருந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் என்னோடை வந்தவன். நான் கெதியா வா எண்டு கத்தினனான். அம்மா பேந்து யோசிச்சுக்கொண்டிருப்பா, பொறு எண்டவன்."

ரெலிபோனைக் காதோடு அமுக்கிப் பிடித்தேன்.

"இருந்தவனோ?" என்றா அம்மா.

"ஓம் அம்மா. வடிவா இருந்தவன். சட்டையெல்லாம் தண்ணி."

"அப்பிடித்தான் அவன் குடிக்கிறவன். ஒருநாளும் ஒழுங்காக் குடிக்க மாட்டான்" என்றா. பிறகு அழுதா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் குடித்தும் அவன் போய்விட்டான் என்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவ அழுதது அதற்கில்லை. "எனக்காண்டி இருந்தவனே" என்று அழுகைக்கு நடுவில் சொல்லிக்கொண்டேயிருந்தா.

பாதைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "அம்மா, நான் வெளிக்கிட வேணும்" என்றேன்.

"தூரமோ?"

"கிட்டத்தான். வேலைக்கு. போட்டு வாறன்."

பதில் வராது என்று தெரிந்தபடியால் ரெலிபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். வைக்கப் போகும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது. "மோனை. டேய் மோனை, நில்லு."

திரும்பவும் காதில் வைத்தேன். "என்னம்மா?"

"ஒண்டுமில்லை. சும்மா கூப்பிட்டனான்" என்றா. கூப்பிட்டது அவவுக்கே புதினமாக இருந்தது. "இனி என்ன, இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். றெஜினா கிளாசை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணாந்து, சட்டையில் வழிய வழிய, முழுவதையும் குடித்து முடித்தேன். நான் விழுங்குகிற சத்தத்தை அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. முதல் பாதை போய்விட்டது. அடுத்த பாதையில் போனேன்.